சென்ட்ரல் பார்க்கில் ஓர் அக்டோபர் வாரம்: காற்றைப் பார்த்துப் பறவை தேடுவது

ஞாயிறு இரவு

நாளைக் காலை பூங்காவில் என்ன கிடைக்கும் என்பது இன்றிரவுக் காற்றின் கையில் இருக்கிறது. நியூயார்க்குக்கு இலையுதிர் காலத்தில் பறவை பார்க்க வருகிறவர்கள் பறவைக் கையேட்டைத் திறப்பதற்கு முன் வானிலை வரைபடத்தைத் திறக்க வேண்டும்.

வார்ப்ளர், த்ரஷ், கிங்லெட், ஸ்பாரோ என்று இங்கே தேடி வரும் சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் வலசை போகின்றன. பொழுது சாய்ந்து அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கிளம்பும், விடிவதற்குள் இறங்கிவிடும். இரவில் காற்றில் கொந்தளிப்பு குறைவு, குளிர்ச்சியில் உடல் சூடேறாது, பருந்துகளின் தொல்லை இல்லை, பகல் பொழுது முழுக்க இரை தேடக் கிடைக்கும். தெற்கே போகும் பறவைக்கு வடக்கு அல்லது வடமேற்குக் காற்று வாய்த்தால் பாதி வேலை மிச்சம். அதனால் கனடாப் பக்கமிருந்து ஒரு குளிர் முகப்பு (முன்னேறி வரும் குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு) கடந்து போன முதல் இரவில், அதுவரை காத்திருந்த பறவைகள் மொத்தமாகக் கிளம்பும். வடமேற்குக் காற்று அவற்றைக் கடற்கரைப் பக்கமாகவும் தள்ளும். கடலோரத்தில் நிற்கும் மன்ஹாட்டனில் அக்டோபரில் பறவைகள் குவிய இதுவே முக்கியக் காரணம்.

இன்று பிற்பகல் அப்படியொரு முகப்பு கடந்துவிட்டது. ராடாரில் உறுதிசெய்வது எளிது. நியூயார்க்கை ஒட்டிய வானிலை ராடார் லாங் ஐலண்டில் அப்டனில் இருக்கிறது. சூரியன் மறைந்து ஏறத்தாழ 45 நிமிடம் கழித்து, அந்த நிலையத்தைச் சுற்றி ஒரு வட்டம் பூத்து விரிந்தால் அது பறவைக் கூட்டம். மழை என்றால் ஓரம் கிழிந்த திட்டுத் திட்டாகத் தெரியும், ஒரே பக்கமாக நகரும். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் கூட்டாளிப் பல்கலைக்கழகங்களும் நடத்தும் பேர்ட்காஸ்ட் இணையதளம் இதையே கணக்காக்கித் தருகிறது: அடுத்த மூன்று இரவுகளுக்கு முன்னறிவிப்பு, மாவட்டவாரியாகக் கடந்த பறவைகளின் மதிப்பீடு, பறக்கும் திசை, உயரம். மன்ஹாட்டனுக்கு அதில் 'நியூயார்க் கவுண்ட்டி' என்று தேட வேண்டும். மாநிலத்தின் பெயரும் அதுவே என்பதால் பலர் தவறான பக்கத்தைப் பார்த்துவிட்டு எண்ணிக்கை பெரிதாக இருக்கிறதே என்று மகிழ்கிறார்கள்.

படுப்பதற்கு முன் பைனாகுலரைச் சரிசெய்துவிடுவது நல்லது. இந்தப் பூங்காவுக்கு 8x42 அல்லது 8x32 போதும் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில்). 10 மடங்கில் பார்வைப் பரப்பு சுருங்கும், கை நடுக்கமும் பெரிதாகும். இலைக்குள் தாவும் ஆறு கிராம் பறவையை அதில் பிடிப்பது கடினம். இரண்டு மீட்டர் தூரம்வரை குவியக்கூடியதா என்றும் பாருங்கள், புதர்ப் பறவைகள் அவ்வளவு பக்கத்தில் வரும். வலது முகப்பை மூடி, இடது கண்ணுக்கு நடுச்சக்கரத்தால் கூர்மையாக்குங்கள். பிறகு இடது முகப்பை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது கண்ணாடியில் இருக்கும் வளையத்தைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண் விளிம்பு ரப்பரை முழுக்க உள்ளே இறக்கிவிட வேண்டும்.

திங்கள்

எதிர்பார்த்தபடியே இரவெல்லாம் வடமேற்குக் காற்று. அக்டோபர் இரண்டாம் வாரத்தில் சூரிய உதயம் ஏழு மணியளவில். பூங்கா காலை ஆறுக்கே திறந்துவிடும். ஆறே முக்காலுக்கு உள்ளே இருந்தால், விடிந்தும் விடியாமலும் மரத்துக்கு மரம் இடம் மாறும் பறவைகள் தலைக்கு மேலே 'சிப்', 'ட்சீட்' என்று ஒற்றைக் குரலில் கடந்துபோவது கேட்கும்.

843 ஏக்கர் பூங்காவில் வலசைப் பறவைகளுக்குப் பேர்போன இடம் தி ராம்பிள். 73ஆம் தெருவுக்கும் 79ஆம் தெருவுக்கும் இடையே, ஏறத்தாழ 36 ஏக்கரில் வேண்டுமென்றே காடுபோல வளைத்து நெளித்து அமைத்த பகுதி. மேற்கு 77ஆம் தெரு வாசலில் நுழைந்து ஓக் பாலத்தைக் கடந்தால் நேராக இதற்குள் வந்துவிடலாம். உள்ளே வழி தவறுவது சகஜம். ஆனால் விளக்குக் கம்பங்களின் அடியில் எண் இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் பக்கத்துத் தெருவின் எண். கடைசி இலக்கம் இரட்டைப்படை என்றால் கிழக்குப் பாதி, ஒற்றைப்படை என்றால் மேற்குப் பாதி. கைபேசியில் சிக்னல் சரியில்லாதபோதும் இது கைகொடுக்கும்.

முதல் ஒரு மணி நேரத்துக்கு நடக்க வேண்டாம், நில்லுங்கள். குளிர்ந்த காலையில் வெயில் முதலில் படும் கிழக்குப் பார்த்த மர உச்சிகளில்தான் பூச்சிகள் முதலில் அசையத் தொடங்கும், பறவைகளும் அங்கேதான் கூடும். ராம்பிளுக்குள் மெயின்டனன்ஸ் ஃபீல்ட் என்று சொல்லப்படும் திறந்த புல்வெளியில் சூரியனை முதுகுக்கு விட்டு நின்றால் மேற்கு விளிம்பு முழுவதும் வெளிச்சத்தில் இருக்கும். அதே மரங்களைச் சூரியனுக்கு எதிரே நின்று பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான்.

இன்று அங்கே ஆதிக்கம் எல்லோ-ரம்ப்ட் வார்ப்ளருக்கு. அக்டோபரில் இங்கே மிக அதிகமாகக் கண்ணில் படும் வார்ப்ளர் இதுவே. வசந்தத்தின் கறுப்பு-வெள்ளைப் பகட்டு போய், மண்பழுப்பில் கீற்றுப் போட்ட பறவையாக மாறியிருக்கும். பறந்து திரும்பும்போது வாலடிக்கு மேலே பளிச்சென்று மஞ்சள் சதுரம் தெரியும். அது ஒன்று போதும். பெர்ரிகளின் மேலுள்ள மெழுகைச் செரிக்க முடிவதால் பூச்சி குறைந்த பிறகும் இது வடக்கே தங்கும். மற்ற வார்ப்ளர்கள் கடந்துபோன பிறகும் இதைப் பார்க்கலாம்.

இலையுதிர் காலத்தில் எல்லா வார்ப்ளரும் ஒன்றுபோலத் தெரிகிறது என்று சலிப்பவர்கள் நிறத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டு, நடத்தையையும் ஒரே ஓர் அடையாளத்தையும் தேட வேண்டும். தரையோரம் ஓயாமல் வாலை மேலும் கீழும் ஆட்டுவது பாம் வார்ப்ளர். பெண் பிளாக்-த்ரோட்டட் ப்ளூ வார்ப்ளர் உடம்பெல்லாம் மங்கிய பாசி நிறம். ஆனால் மடித்த இறக்கையின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். அந்தப் பொட்டைப் பார்த்துவிட்டால் வேறு எதையும் சரிபார்க்க வேண்டியதில்லை.

எட்டரை மணிக்குமேல் டுபீலோ மெடோ. பெயருக்குக் காரணமான பழைய கறுப்பு டுபீலோ மரம், மற்ற மரங்களுக்கு முந்தியே சிவந்து நிற்கிறது. அதன் கருநீலப் பழங்கள் இப்போதுதான் தீர்ந்துகொண்டிருக்கின்றன. பழ மரத்தடியில் கால்மணி நேரம் நிற்பது, ராம்பிள் முழுவதையும் ஒரு சுற்று நடப்பதைவிடப் பலன் தரும்: அமெரிக்க ராபின், கேட்பேர்ட், ஃப்ளிக்கர் மரங்கொத்தி, சிவந்த கண்ணுடைய ரெட்-ஐட் வீரியோ என்று வரிசையாக வந்துபோகின்றன.

ஃப்ளிக்கரைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது பக்கத்து மரத்தண்டைக் கவனியுங்கள். சாப்சக்கர் மரங்கொத்திக்கு அக்டோபர்தான் உச்ச காலம். பட்டையில் அளவெடுத்துக் குத்தியதுபோல் கிடைமட்டமாக வரிசை வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையும் மிளகு அளவு. சாறு ஊறி வழிய விட்டு, சுற்றிவந்து ஒவ்வொன்றாக நக்கும். ஈரம் மினுங்கும் புதுத் துளைகள் என்றால் பறவை பத்தடிக்குள் எங்கோ அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது இல்லாத நேரத்தில் குளவிகளும், ரூபி-க்ரௌண்ட் கிங்லெட்டும் அந்தச் சாற்றுக்கு வரும். கிங்லெட் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கினாலும் மனிதரைப் பொருட்படுத்தாது. பாசிப்பச்சை உடல், கண்ணைச் சுற்றி மேலும் கீழும் அறுந்த வெள்ளை வளையம், நொடிக்கொரு முறை சிறகைச் சொடுக்கும் பழக்கம். அதன் உறவான கோல்டன்-க்ரௌண்ட் கிங்லெட்டுக்கு முகத்தில் கறுப்பு வெள்ளைக் கோடுகள், நெற்றிக்கு மேலே மஞ்சள் பட்டை, கண்வளையம் கிடையாது.

செவ்வாய்

காற்று அதே திசை, வேகம் குறைவு, வானத்தில் ஆங்காங்கே வெண்மேகம். பருந்துகளுக்கு உகந்த நாள். இடம், பெல்வெடேர் கோட்டையின் மொட்டைமாடி. விஸ்டா பாறையின் மேலே நிற்பதால் வடக்கும் மேற்கும் தடையில்லாமல் தெரியும்.

இரைகொல்லிப் பறவைகளில் பல தரை சூடாகி எழும் வெப்பக் காற்றில் ஏறிப் பயணம் செய்கின்றன. அதனால் அதிகாலையில் வந்து காத்திருப்பதில் பயனில்லை. பத்திலிருந்து இரண்டு மணிவரைதான் நேரம். வெறும் நீல வானத்தில் கண் எங்கேயும் நிலைகொள்ளாது, புள்ளிகள் தப்பிவிடும். மேகத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பைனாகுலரை மெல்ல ஓட்டுங்கள். பிராட்-விங்ட் ஹாக் கூட்டம் கூட்டமாகப் போவது செப்டம்பரோடு முடிந்துவிடும். இப்போது முக்கியமாக ஷார்ப்-ஷின்ட் ஹாக்கும் கூப்பர்ஸ் ஹாக்கும்.

இவ்விரண்டும்தான் அதிகச் சச்சரவைக் கிளப்புபவை. இரண்டும் நம் ஊர் வல்லூறின் சாயல்: குட்டை இறக்கை, நீண்ட வால், சில படபடப்பு, பிறகு ஒரு மிதப்பு. பெண் ஷார்ப்-ஷின்ட், ஆண் கூப்பர்ஸ் அளவை நெருங்கும் என்பதால் உருவத்தை வைத்து முடிவுகட்டக் கூடாது. தலையைப் பாருங்கள். ஷார்ப்-ஷின்ட்டின் சிறு தலை இறக்கையின் முன்விளிம்பைத் தாண்டி வெளியே தெரியாது, படபடப்பு எண்ண முடியாத வேகம், வால்நுனி வெட்டியதுபோல் நேராக இருக்கும். கூப்பர்ஸுக்குத் தலை முன்னே நீட்டிக்கொண்டிருக்கும், வால்நுனி வளைந்து தடித்த வெள்ளை விளிம்போடு இருக்கும். தேய்ந்த இறகில் அந்த வெள்ளை மங்கிவிடுவதால், தலைதான் நம்பகம்.

இறக்கைகளை ஆழமில்லாத 'V' வடிவில் தூக்கிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடிப் போவது டர்க்கி வல்ச்சர். பலகைபோல் தட்டையாக நீட்டிப் போவது பால்ட் ஈகிள். மணிக்கட்டில் மடங்கி 'M' போலத் தெரிந்தால் விராலடிப்பான்; தமிழகக் கடற்கரைக்கும் ஏரிகளுக்கும் குளிர்காலத்தில் வருவதும் இதே இனம். பூங்காவிலேயே வாழும் ரெட்-டெய்ல்ட் ஹாக்கை வலசைக் கணக்கில் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வட்டமடித்து அதே இடத்துக்குத் திரும்பி வந்தால் உள்ளூர்வாசி; உயரம் எடுத்ததும் தெற்கே ஒரே கோட்டில் சறுக்கினால் பயணி.

புதன்

தெற்குக் காற்று, வெதுவெதுப்பு. ராடாரில் இரவு வட்டம் எழவே இல்லை. இப்படிப்பட்ட நாளில் புதிய வரவு இராது. ஆனால் திங்களன்று இறங்கியவை எதிர்க்காற்றில் கிளம்பாமல் தங்கித் தின்றுகொண்டிருக்கும். ஒரே பறவையை அரை மணி நேரம் பார்க்கக் கிடைப்பது இந்த நாள்களில்தான்.

பிளாக்போல் வார்ப்ளரை அப்படிப் பாருங்கள். பாசிமஞ்சள் மேனி, இரண்டு வெள்ளை இறக்கைப் பட்டை, மார்புப் பக்கவாட்டில் மங்கிய கீற்று. பே-ப்ரெஸ்டட் வார்ப்ளரும் பைன் வார்ப்ளரும் ஏறக்குறைய இதே வேஷத்தில்தான் இருக்கும். கிளை மாறும்போது பாதத்தைப் பாருங்கள்: பிளாக்போலுக்குப் பாதம் மஞ்சள், மற்ற இரண்டுக்கும் கறுப்பு. வாலடி இறகு பிளாக்போலுக்கு வெள்ளை. பே-ப்ரெஸ்டட்டுக்கு மங்கிய பழுப்புச் சாயம். பைன் வார்ப்ளரின் முதுகில் கீற்றே இருக்காது. வழக்கமாக 12 கிராம் எடையுள்ள பிளாக்போல், பயணத்துக்கு முன் கொழுப்பேற்றி அதை இரட்டிப்பாக்க முடியும். பிறகு வடகிழக்குக் கடற்கரையிலிருந்து அட்லாண்டிக்கின் மேல் இரண்டு மூன்று நாள் இறங்காமல் பறந்து கரீபியன் தீவுகளை அடைகிறது. உடலில் பொருத்திய நுண்கருவிகளைக் கொண்டு 2015இல் இது உறுதியானது. நகரப் பூங்காவின் ஓக் மரத்தில் இது புழுவைப் பொறுக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தக் கடலுக்கான எரிபொருள். பக்கத்தில் போய்ப் படமெடுக்க மரத்துக்கு மரம் துரத்தாதீர்கள் என்று மன்றாடுவது இதனால்தான்.

ஒலியை வைத்து இனம் சொல்லும் மெர்லின் செயலியைப் பற்றி இங்கே சொல்லிவிடலாம். வசந்தத்தில் பறவைகள் முழுப் பாட்டுப் பாடும்போது அது நன்றாக வேலை செய்கிறது. அக்டோபரில் கேட்பது பெரும்பாலும் ஒற்றை 'சிப்'. பல இனங்களுக்கு அது ஏறத்தாழ ஒன்றே. போக்குவரத்து இரைச்சல் வேறு. ப்ளூ ஜே பருந்தின் குரலை அப்படியே எடுத்துவிடும், மாக்கிங்பேர்ட் ஊரிலுள்ள எல்லோரையும் பாவனை செய்யும். செயலி சொல்வதை, எந்தத் திசையில் பார்க்கலாம் என்பதற்கான குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்க்காமல் பட்டியலில் ஏற்றாதீர்கள். பறவையை வரவழைக்கக் கைபேசியில் குரலை ஒலிக்கவிடுவது வேண்டவே வேண்டாம். இரை தேட வேண்டிய நேரத்தை அது சண்டைக்குச் செலவிடும்.

வியாழன்

விடியலில் தாழ்ந்த மேகம், தூறல். நள்ளிரவில் மழைக்குள் மாட்டிய பறவைகள் கீழே இறங்கிவிட்டதால் எல்லாமே இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அசேலியா குளத்தைச் சுற்றிய புதரில் ஹெர்மிட் த்ரஷ், வாலை விசுக்கென்று தூக்கி மெல்ல இறக்குகிறது. வால் செம்பழுப்பு, முதுகு அதைவிட மங்கல். கண்ணைச் சுற்றி இளமஞ்சள் கண்ணாடி மாட்டியதுபோல் இருந்தால் அது ஸ்வைன்சன்ஸ் த்ரஷ்.

இப்படியான காலைகளில் பூங்காவுக்குப் போகும் வழியில் நடைபாதையையும் பார்க்க வேண்டும். தாழ்ந்த மேகத்தில் நகர வெளிச்சம் சிதறி, பறவைகளை உள்ளே இழுக்கிறது. விடிந்ததும் மரம் பிரதிபலிக்கும் கண்ணாடியை மரம் என்றே நம்பி மோதுகின்றன. நியூயார்க்கில் ஆண்டுதோறும் 90,000 முதல் 2,30,000 பறவைகள்வரை இப்படிச் சாகின்றன என்பது 1997 முதல் மோதல்களைக் கணக்கெடுத்துவரும் என்ஒய்சி பேர்ட் அலையன்ஸின் மதிப்பீடு. 2021 செப்டம்பரில் ஒரே காலையில் உலக வர்த்தக மையக் கட்டடங்களின் அடியில் ஏறத்தாழ 300 பறவைகள் கிடந்தன. தீர்வு கைவசம் இருக்கிறது என்பதுதான் ஆதங்கம். ஜேவிட்ஸ் மாநாட்டு மையத்தில் கண்ணாடியை மாற்றிப் புள்ளிக்கோலம் பதித்த வகையைப் பொருத்தியபின் மோதல் சுமார் 90 சதவீதம் குறைந்தது. 2021 ஜனவரி முதல் நகரில் எழும் புதுக் கட்டடங்களின் முதல் 75 அடிக்குப் பறவைக்கு ஏற்ற கண்ணாடி கட்டாயம். பழைய கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன.

மோதி மயங்கிய பறவையைக் கண்டால்: அது மீண்டுவிட்டதாகத் தோன்றினாலும் விட்டுவிடாதீர்கள், தலைக்குள் அடிபட்டிருக்கும். பின்பக்கமிருந்து மெல்லிய துணியால் பொத்தி எடுத்து, காகிதப் பைக்குள் விட்டு, வாயை மடித்துக் கிளிப் போடுங்கள். பையில் காற்றுக்குச் சில சிறு துளைகள் போதும். தண்ணீரோ தீனியோ கொடுக்கக் கூடாது. மயக்கத்தில் மூச்சுக்குழலில் ஏறிவிடும். கண்ணாடிப் பெட்டியும் பிளாஸ்டிக் பையும் உதவாது. பிறகு கொலம்பஸ் அவென்யூவில் 88ஆம் தெருவை ஒட்டியிருக்கும் வைல்ட் பேர்ட் ஃபண்ட் மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். பூங்காவின் மேற்கு வாசல்களிலிருந்து நடக்கும் தூரம்தான். இறந்த பறவையாக இருந்தால் டிபேர்ட் தளத்தில் இடத்தைப் பதிவிடுங்கள். எந்தச் சுவர் கொல்கிறது என்று காட்ட அந்தப் பதிவுகளே சாட்சி.

வெள்ளி

இரவில் மறுபடி முகப்பு கடந்தது. ராம்பிளைத் தவிர்த்து வடகோடி. 103ஆம் தெரு ரயில் நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் எதிரே தி பூல் என்ற குளம். அங்கிருந்து கிரேட் ஹில், பிறகு ஓடையோரமாக தி லாக், முடிவில் காட்டுப்பூ வெளி. கூட்டம் குறைவு, ஸ்பாரோக்கள் அதிகம்.

இங்கே ஸ்பாரோ என்றால் நம் சிட்டுக்குருவி அல்ல. அது 1850களில் ப்ரூக்ளினில் கொண்டுவந்து விடப்பட்டது. இவை அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய வேறு குடும்பம். புல்வெளி ஓரங்களில் விதை பொறுக்குபவை. பல புல்வெளிகளில் காலை ஒன்பதுவரை நாய்களைக் கயிறின்றி விட அனுமதி இருப்பதால், ஒன்று, விடிந்தவுடன் வர வேண்டும். இல்லையென்றால் ஒன்பதரைக்குப் பிறகு. கூட்டத்தை நோக்கி நடந்தால் மொத்தமும் புதருக்குள் பாயும். பாயவிட்டு, இருபதடி தள்ளி அசையாமல் நில்லுங்கள். பத்து நிமிடத்தில் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

முதலில் மார்பு. தடித்த கீற்றுகள், நடுவில் திரண்ட கறை என்றால் சாங் ஸ்பாரோ. ஊசியால் கீறியதுபோல் மெல்லிய கீற்றுகள், அடியில் இளமஞ்சள் சாயம், சாம்பல் முகம் என்றால் லிங்கன்ஸ் ஸ்பாரோ. புதரை விட்டு அதிகம் வெளியே வராது. கீற்றில்லாத சாம்பல் மார்பும் செம்பழுப்பு இறக்கையும் ஸ்வாம்ப் ஸ்பாரோவுக்கு. கீற்றே இல்லாமல், கண்ணைக் கடந்து அலகுவரை கருங்கோடு ஓடினால் சிப்பிங் ஸ்பாரோ.

சருகில் சரசரப்பு கேட்டால் பெரும்பாலும் ஒயிட்-த்ரோட்டட் ஸ்பாரோ. இரண்டு காலாலும் ஒரே துள்ளலில் பின்னுக்கு வாரும், உடனே குனிந்து, வெளிப்பட்டதைக் கொத்தும். தலையில் வெள்ளைக் கோடு போட்டவை, பழுப்புக் கோடு போட்டவை என்று இதில் இரண்டு சாதி உண்டு. வயதோ பாலோ காரணம் இல்லை. இரண்டும் பிறவி வகைகள். வெள்ளைக்கோடு பெரும்பாலும் பழுப்புக்கோட்டோடுதான் இணை சேரும். பூங்காவில் எங்கும் இருப்பதால் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் 1970க்குப் பிறகு வட அமெரிக்கா இழந்த பறவைகள் கிட்டத்தட்ட 300 கோடி என்று 2019இல் வெளியான ஆய்வு சொன்னபோது, அதில் ஒயிட்-த்ரோட்டட் ஸ்பாரோவின் பங்கு மட்டும் 9 கோடிக்கு மேல். சாதாரணமாகக் கிடைக்கிறவற்றையும் எண்ணி எழுதுங்கள். பார்த்த பறவைகளைப் பதிவிடும் ஈபேர்ட் தளத்தில், 'இருந்தது' என்று மட்டும் சொல்லும் 'X' போடாமல் எண்ணிக்கை போடுங்கள்.

சனி

காற்று பலம். சிறு பறவைகள் இலைக்குள் பதுங்கிவிட்டன, 106 ஏக்கர் நீர்த்தேக்கத்தைச் சுற்றிவிட்டு முடித்துக்கொள்ளலாம். காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகில் விழும். ஓடுபவர்கள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் வருவார்கள், தடத்தை மறிக்காமல் வேலியோரம் நில்லுங்கள். தட்டைவாயன் வாத்துகள் வந்திறங்கத் தொடங்கிவிட்டன. வேடந்தாங்கலுக்கு வரும் அதே இனம். ஆண்கள் இன்னும் பழுப்பு உடையில் இருப்பதால் பச்சைத் தலையைத் தேட வேண்டாம். கரண்டி அலகும், கூட்டமாக வட்டமிட்டு நீரைக் கலக்கி வடிகட்டுவதும் போதுமான அடையாளம். விறைத்த வாலோடு இருக்கும் ரடி வாத்தும் உண்டு. ஹூடட் மெர்கன்சரும் பஃபிள்ஹெட்டும் நவம்பரில்.

மாத இறுதியில் வருகிறவர்களுக்கு ஃபாக்ஸ் ஸ்பாரோ கிடைக்கும், ஊசியிலை மரங்களில் சா-வெட் ஆந்தை தங்கவும் வாய்ப்புண்டு. மரத்தடியில் சுண்ணாம்பு தெளித்ததுபோல் எச்சம் இருந்தால் மேலே பாருங்கள். கண்டுபிடித்தால் சில நிமிடம் பார்த்துவிட்டு விலகுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், இடத்தை அன்றைக்கே பொதுவில் பகிரவும் வேண்டாம். கூட்டம் கூடி ஆந்தை ஒருமுறை எழும்பினால் ப்ளூ ஜேக்கள் சூழ்ந்து துரத்தும். அது பகல் வெளிச்சத்தில் பருந்தின் கண்ணில் படும்.